பழைய வீட்டுச் சுவரில் ஓதம் நிற்கவே இல்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் தரைத்தள வாடகை வீடு. கடற்கரை நடக்கிற தூரம்தான். பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர். மேலே எப்போதோ யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூக்கிறது. ஐப்பசி மழையில் தொடங்கியது சித்திரை வெயிலிலும் நிற்கவில்லை. அதனால் மழைத்தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது.

பிளம்பரை வைத்துக் குழாய்களைப் பார்த்தாயிற்று, கசிவு இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் கழிவறையும் கிடையாது. சுரண்டி, உப்பைத் தட்டி, பட்டி வைத்து, ஓதம் தடுக்கும் பிரைமரும் அடித்தோம். சில வாரங்களில் பூசிய இடத்துக்குச் சற்று மேலே புதுக் கொப்புளம்! பெயிண்ட் கடைக்காரர் எபாக்சி (ஈரம் புகாத பிசின் பூச்சு) அடிக்கச் சொல்கிறார். ஈரத்தை உள்ளேயே அடைத்தால் அது இன்னும் மேலேதானே ஏறும்? வீட்டுக்காரம்மா பாதிச் செலவு தருகிறேன் என்கிறார் (அதுவே பெரிய விஷயம்), ஆனால் ஒரு தடவைதான்.

அந்தச் சிமெண்ட் பூச்சை இடுப்பு உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போட்டால் போதுமா, இல்லை அடிச்சுவரில் துளை போட்டு, ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் ரசாயனம் செலுத்தியே ஆகவேண்டுமா? இங்கே கடலோரப் பழைய வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.