படம் எடுக்கும்போது ஆளை எப்படி நிற்க வைப்பது?

கேள்வி (கோபி):
வணக்கங்க. 50 எம்எம் லென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சித்தப்பா மகனுக்கு நிச்சயம் முடிந்து ஜோடியைக் கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போனேன், வெளிச்சமெல்லாம் அருமை, ஆனால் இரண்டு பேரும் ரேஷன் கார்டுக்கு எடுக்கிற மாதிரி விறைத்து நிற்கிறார்கள். "சிரிங்க" என்றால் பல் மட்டும்தான் தெரிகிறது. கையை எங்கே வைக்கச் சொல்வது?

பதில் 1 (ஈரோடு):
முதலில் எடையைப் பின்காலில் போடச் சொல்லுங்க, முன்கால் முட்டி லேசாக மடங்கினால் இடுப்பும் தோளும் தானாகவே சாய்ந்துகொள்ளும். நேருக்கு நேர் நிறுத்த வேண்டாம், உடம்பு கொஞ்சம் திரும்பட்டும், முகம் மட்டும் கேமராவுக்கு வரட்டும். தாடையை முன்னால் நீட்டி ஒரு துளி கீழே இறக்கச் சொன்னால் இரட்டைத் தாடை மறையும். சொல்லும்போது சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பையும் எடுத்துவிடுங்க. கைக்கு ஏதாவது வேலை கொடுங்க, முந்தானை, வாட்ச், எதுவானாலும் சரி.

பதில் 2 (பொள்ளாச்சி):
வாயால் சொல்வதைவிட நீங்களே நின்று காட்டுங்க. ஃபிரேமை, அதாவது படத்தின் ஓரத்தை, முட்டியிலோ மணிக்கட்டிலோ வெட்டாதீங்க, கை கால் துண்டான மாதிரி இருக்கும். நான் தென்னந்தோப்பில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பேசிக்கொண்டே நடக்கவிட்டுத்தான் எடுப்பேன், பாதிப் படம் வீணாகும், மீதி உயிரோடு இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. நேற்று அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை, திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்தேன். தாடையை நீட்டச் சொன்னதற்கு, "பல்லுப் புடுங்கவா போறே?" என்கிறார்.