தாடி ஓணானுக்கு வெளிச்சமும் வெப்பமும்: எதை எங்கே மாட்டுவது?

ஸ்காபரோவாசி:
வணக்கம். நாங்கள் ரொறன்ரோவில் வசிக்கிறோம். ஊர் மாறிச் செல்லும் நண்பர் ஒருவர், ஏறத்தாழ ஒரு வயதான தம்முடைய பியர்டட் டிராகனை (தாடி ஓணானை) கண்ணாடித் தொட்டியோடு என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தொட்டி மூன்றடி நீளம். மேலே கம்பிவலை மூடி. ஒரு மூலையில் சிவப்பு மின்குமிழும், மறுமூலையில் சுருள் வடிவ யூவிபி (புற ஊதாக் கதிர் தரும்) மின்குமிழும், தரையில் மின்சாரத்தால் சூடாகும் செயற்கைக் கல்லும் இருக்கின்றன. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட வெப்பமானி 32 பாகை காட்டினாலும், ஓணான் அந்தக் கல்லை விட்டு அசைவதில்லை. இரையையும் பாதியில் விட்டுவிடுகிறது. குளிர்கால இரவுகளில் எங்கள் வீடு 18 பாகை வரை குளிர்ந்துவிடும். இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்? ஜன்னலோரம் வைத்தால் வெயில் போதாதா?

மெல்பர்ன்காரன்:
முதலில் அந்தக் கல்லின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். அவ்வகைக் கற்கள் சீராகச் சூடாவதில்லை. ஓரிடம் மட்டும் அளவு மீறிச் சுட்டு, வயிற்றுத் தோலைப் பொசுக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த இந்த ஓணான், வேலிக்கம்பத்திலோ பட்ட மரத்திலோ ஏறி, முதுகை வெயிலுக்குக் காட்டித்தான் சூடேற்றிக்கொள்ளும்.

அந்த வெயிலில் வெளிச்சம், சூடு, புற ஊதாக் கதிர் மூன்றும் மேலிருந்து ஒன்றாக வருகின்றன என்பதுதான் இங்கே முக்கியம். உங்கள் தொட்டியிலோ சூடு ஒரு மூலையில், கதிர் மறுமூலையில். யூவிபி பட்டால் தோலில் வைட்டமின் டி3-இன் முன்வடிவம் உண்டாகும். அது வைட்டமினாக மாறுவதற்கு உடற்சூடு வேண்டும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால், தின்ற கால்சியம் உடலில் சேராமல் எலும்பு மென்மையாகிவிடும். ஆகவே ஒரே பக்கத்தில் வெண்ணிற ஹாலோஜன் பல்பையும், அங்கிருந்து தொடங்கித் தொட்டியின் பாதிக்கு மேல் நீளும் டி5 எனப்படும் மெல்லிய யூவிபி டியூபையும் (யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று குறித்த வகை) மாட்டி, அவற்றின் கீழே அகலமான மரக்கட்டை ஒன்றை வையுங்கள். கட்டையின் மேற்பரப்பு 40 முதல் 42 பாகை வரையும், எதிர்முனை 25 பாகையை ஒட்டியும் இருக்கட்டும். கம்பிவலை கதிரில் கணிசமான பங்கை மறித்துவிடும் என்பதால், டியூபை வலைக்கு மேலே வைக்கும்போது ஓணானின் முதுகு அதற்கு இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். தூரக் கணக்கு டியூபின் பெட்டியிலேயே இருக்கும்.

ஜன்னல் கண்ணாடி யூவிபியை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும்; தொட்டிதான் உலையாகும்.

பழைய பல்லிப்பிரியர்:
இத்தனை சாமான் எதற்கு? வெப்பத்தையும் யூவிபியையும் சேர்த்தே தரும் மெர்க்குரி வேப்பர் பல்பு ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது.

மெல்பர்ன்காரன்:
பெரிய கூண்டு என்றால் நானும் மறுக்கமாட்டேன், ஐயா. ஆனால் அந்தப் பல்பை மங்கலாக்க முடியாது. மூன்றடித் தொட்டியில் சூடு மிஞ்சினால் அதைத் தூக்கிக் கட்டத்தான் வேண்டும். தூக்கினால் கதிர் குறைந்துவிடும். ஹாலோஜனையும் டியூபையும் தனித்தனியாக வைத்திருந்தால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைச் சரிசெய்யலாம். (வளர்ந்த ஓணானுக்கு நான்கடிக்கு இரண்டடித் தொட்டி வேண்டும் என்பது தனிக்கதை.)

வெப்பமானிக்காரி:
அந்த வட்ட வெப்பமானி, தான் ஒட்டியிருக்கும் கண்ணாடியருகே உள்ள சூட்டை மட்டுமே காட்டும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, ஓணான் படுக்கும் இடத்தையே அளந்து பாருங்கள். ஹாலோஜனை தெர்மோஸ்டாட்டில் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியில்) இணைப்பதானால், மங்கச் செய்யும் வகையையே வாங்குங்கள். மற்ற வகையில் பல்பு ஓயாமல் அணைந்து எரிந்துகொண்டிருக்கும்.

சிவப்பு பல்பு வேண்டாம். சிவப்பு நிறம் இவற்றின் கண்ணுக்கு நன்றாகவே தெரியும் என்பதால், இரவில் எரிந்தால் தூக்கம் கெடும். நல்ல உடல்நிலையில் உள்ள ஓணானுக்கு இரவில் 18 பாகை போதும், முழு இருட்டு இருந்தால். அதற்கும் கீழே போனால் மட்டும், ஒளி தராத செராமிக் வெப்பமூட்டியை தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள்.

ஸ்காபரோவாசி:
மிக்க நன்றி. கல்லின் இணைப்பை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி அளந்து பார்த்ததில், சிவப்பு மின்குமிழின் நேர் கீழேயே 29 பாகைதான். டியூபையும் ஹாலோஜனையும் இந்த வார இறுதியில் வாங்கிவிடுவேன். இன்னொன்று: இரு நாட்களாக அதன் பின்னங்கால் விரல்கள் தாமாகவே துடிப்பதாக மகள் சொல்கிறாள். குளிரினாலா?

வெப்பமானிக்காரி:
அது குளிரின் நடுக்கமாகத் தோன்றவில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் விரல்கள் இப்படித் துடிக்கும். வார இறுதிவரை காத்திருக்காமல், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நாளையே கொண்டு செல்லுங்கள். எலும்பு நோய் தொடங்கியிருந்தால் விளக்கு மட்டும் அதைத் தீர்க்காது. கால்சியம் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். தூக்கும்போது கால்களைப் பிடிக்காமல், மார்புக்கும் வயிற்றுக்கும் அடியில் முழு உள்ளங்கையையும் கொடுத்துத் தூக்குமாறு மகளிடம் சொல்லுங்கள். அந்தச் சுருள் மின்குமிழையும் மருத்துவரிடம் காட்டி, அது எத்தனை மாதங்களாக எரிந்தது என்பதை நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் குறையாமலேயே யூவிபி தீர்ந்து போயிருக்கலாம்.