ரவுட்டருக்குள் லினக்ஸ் இருக்கிறது, மூலநிரல் எங்கே? கேட்கலாமா, வேண்டாமா?

அட்டன் பட்டறை – சனி, இரவு 9.20

போன வாரம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி 4ஜி ரவுட்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மழை பிடித்து சிக்னல் விழுந்து எழும்பினால் பெட்டி அப்படியே உறைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிப் போட்டால்தான் திரும்ப வரும். மலையில் மழைக்கு என்ன குறைச்சல்? நாளுக்கு நாலு தடவை பிடுங்குகிறாராம். இதே மாடல் என் பட்டறைக்கு வருவது இது ஆறாவது தடவை.

நாலு ஸ்குரூவைக் கழற்றினேன். போர்டின் ஓரத்தில் பெயர் எழுதாத நாலு துளைகள் இருந்தன. மூன்றில் வயரைப் பற்றவைத்து லாப்டாப்பில் கொடுத்து, வேகத்தை 115200 என்று வைத்ததும் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. முதலில் லினக்ஸ் 3.10, அப்புறம் சின்னச் சின்னக் கட்டளை நிரல்களின் தொகுப்பான பிஸிபாக்ஸ். லினக்ஸின் மையப் பகுதியைக் கெர்னல் என்பார்கள். 3.10 கெர்னல் 2013இல் வந்தது. அதற்குத் திருத்தங்கள் வருவது 2017 நவம்பரோடு நின்றுவிட்டது. பெட்டியை விற்றதோ அதற்குப் பல வருடம் கழித்து.

சிக்னல் போனால் மோடத்தை மட்டும் நிறுத்தி எழுப்புகிற சின்ன நிரல் ஒன்றைச் சேர்த்தால் இந்த நோய் தீரும். எனக்கு எழுதத் தெரியும். ஆனால் உள்ளே வைப்பதற்கு மூலநிரல், அதாவது நிரலர்கள் எழுதிய அசல் வரிகள், வேண்டும்.

லினக்ஸ், பிஸிபாக்ஸ் இரண்டுமே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருபவை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எடு, மாற்று, விற்றுக் காசும் பார். ஆனால் விற்கும்போது மூலநிரலைக் கூடவே கொடு. இல்லாவிட்டால், கேட்கிற யாருக்கும் தருவேன் என்று குறைந்தது மூன்று வருடம் செல்லுபடியாகும் வாக்குறுதியை எழுத்தில் கொடு. அதுதான் நிபந்தனை. பெட்டி வந்த அட்டைக்குள் உத்தரவாத அட்டையும் சிம் போடும் படமும் மட்டுமே இருந்தன. இறக்குமதி செய்தவர்களுக்கு எழுதினேன். "எங்களிடம் இல்லை, கம்பனியைக் கேளுங்கள்" என்றார்கள். கம்பனியைக் கேட்டால் அது ரகசியமாம். எழுதியவர்கள் எல்லோருக்கும் என்று கொடுத்ததை நடுவில் வந்தவர் எப்படி ரகசியம் ஆக்கலாம்?

இந்த மாடலை வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்போம். பதில் வராவிட்டால் நிரலின் பதிப்புரிமை வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்போம். இதுதான் என் யோசனை. யார் யார் வருகிறீர்கள்?

பதுளை நிரலன் – சனி, இரவு 10.05

அண்ணா, நான் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கொழும்பில் இந்த மாதிரிப் பெட்டிகளின் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களுக்குப் பதில் எழுதிய ஆளிடம் உண்மையிலேயே மூலநிரல் இருந்திருக்காது. சிப் செய்கிறவர் ஒரு மென்பொருள் மூட்டையைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பார். வெளியே விடமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். தொழிற்சாலை அதில் சின்னத்தையும் நிறத்தையும் மாற்றி அட்டையில் போடும். கொழும்பில் இருப்பவருக்கு அட்டை மட்டும்தான் தெரியும். நீங்கள் நெருக்கினால் அவர் அந்த மாடலைக் கொண்டுவருவதை நிறுத்துவார். அடுத்தது இதைவிட விலை கூடியதாக வரும். லயத்தில் படிக்கிற பிள்ளைக்கு இருக்கிற ஒரே இணைப்பு இந்த மலிவுப் பெட்டிதானே?

இன்னொன்று. 2007இல் அமெரிக்காவில் ஜிபிஎல்லுக்காக முதல் வழக்குப் போட்டவர்கள் பிஸிபாக்ஸ்காரர்கள். வழக்காளிகள் இருவர், ஒருவர் ராப் லாண்ட்லி. தொடர்ந்து பல கம்பனிகள் மேல் வழக்குப் போனது. பிறகு அவரே, இத்தனை வழக்காலும் பிஸிபாக்ஸுக்குப் பயன்படும் நிரல் ஒரு வரிகூடத் திரும்ப வரவில்லை என்று வருந்தினார். டாய்பாக்ஸ் என்று எந்த நிபந்தனையும் இல்லாத மாற்று ஒன்றை எழுதினார். 2015இலிருந்து ஆண்ட்ராய்டில் இருப்பது அதுதான். அதாவது, பயந்த கம்பனிகள் திருந்தவில்லை, விலகிப் போனார்கள். வழக்குப் போட்டவரே சொன்ன பிறகு நாம் ஏன் அதே குழியில் இறங்க வேண்டும்?

பண்டாரவளை வாசுகி – சனி, இரவு 10.50

தம்பி, லாண்ட்லி சொன்னது சரி. ஆனால் அவர் தேடியது பிஸிபாக்ஸை மேம்படுத்தும் வரிகளை. பட்டறை அண்ணா தேடுவது இந்தப் பெட்டியைத் திருத்தும் வழியை. இரண்டும் ஒன்றல்ல.

கேட்டதால் என்ன கிடைத்தது என்பதற்கு லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைப் பாருங்கள். 2003இல் அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துக் கேட்டார்கள். அந்த வருடம்தான் சிஸ்கோ லிங்க்ஸிஸை வாங்கியிருந்தது. நெருக்கடியில் மூலநிரலை வெளியிட்டார்கள். அதை வைத்து 2004இல் பிறந்ததுதான் ரவுட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருளான ஓப்பன்வர்ட். இன்றைக்கு உங்கள் ஆபீசில் நீங்கள் சோதிக்கிற பெட்டிகளில் எத்தனை அதன் வழியில் வந்தவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த ரவுட்டரும் கடையை விட்டு ஓடவில்லை. நிரலை மாற்றலாம் என்பதற்காகவே ஆட்கள் தேடித் தேடி வாங்கினார்கள்.

சட்டம் படிக்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சிப் கம்பனியோடு போட்ட ரகசிய ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது. அதைக் காட்டி மூன்றாவது ஆளுடைய உரிமத்தை மீற முடியாது. மீறினால் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 4ஆம் பிரிவுப்படி விநியோகிக்கும் உரிமையே போய்விடுகிறது. அதற்குப் பிறகு விற்பது சாதாரணப் பதிப்புரிமை மீறல். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலைக் காக்கிறது. 2004இலேயே மியூனிக் நீதிமன்றம் ஒரு ரவுட்டர் கம்பனிக்கு எதிராக ஜிபிஎல்லை ஏற்றுத் தடை உத்தரவு கொடுத்தது. "இது வெறும் நல்லெண்ண வேண்டுகோள்" என்ற பேச்சு அன்றைக்கே முடிந்துவிட்டது.

தலவாக்கலை டீச்சர் – ஞாயிறு, காலை 6.30

நான் பட்டறை சேர் பக்கம். எங்கள் பாடசாலைக் கணினி அறையிலும் இதே ரவுட்டர்தான். சாதாரண தரப் பிள்ளைகள் பழைய வினாத்தாளை இறக்கிக்கொண்டிருக்கும்போது உறைந்துவிடும். நான் மேசையில் ஏறிப் பிளக்கைப் பிடுங்குவேன்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய ஒன்று கேட்க இருக்கிறது. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். மடுவத்தில் இப்போது மின்தராசு, அதோடு கையில் பிடிக்கும் ஒரு கருவி. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிவு போட்ட பிறகு மிச்சக் கிலோ மட்டும்தான் சீட்டில் வரும். எவ்வளவு கழிந்தது, எந்தக் கணக்கில் கழிந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒரு நாள் கருவி நின்று திரும்ப எழும்பியபோது லினக்ஸ் என்று திரையில் ஓடியதை நானே பார்த்தேன். அப்படியென்றால் அதன் மூலநிரலையும் கேட்கலாமா? கழிவுக் கணக்கு அதற்குள்தானே இருக்கும்?

பதுளை நிரலன் – ஞாயிறு, காலை 8.10

டீச்சர், இதில் யாரும் உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். கேட்கலாம், ஆனால் நீங்கள் தேடுவது கிடைக்காது. ஜிபிஎல்லின் கடமை கெர்னலுக்கும் பிஸிபாக்ஸுக்கும் அவற்றில் செய்த மாற்றங்களுக்கும்தான். எடை போடுகிற நிரல் கெர்னலுக்கு மேலே தனியாக ஓடுகிற இன்னொரு நிரல். அப்படிக் கெர்னலை வழக்கமான முறையில் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்களைத் தம் உரிமம் கட்டுப்படுத்தாது என்று லினக்ஸின் உரிமக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. கழிவுக் கணக்கு இருப்பது அந்த நிரலில். அது தராசு விற்றவரின் சொத்து.

அட்டன் பட்டறை – ஞாயிறு, காலை 8.40

இதில் தம்பி சொல்வது சரி, டீச்சர். எனக்கும் ஆசைதான், ஆனால் உரிமத்தில் இல்லாததை உண்டு என்று சொல்ல மாட்டேன். ரவுட்டரிலும் அப்படித்தான். சிம் அமைப்புப் பக்கத்தையோ நிறத்தையோ நான் கேட்கவில்லை. கெர்னல், பிஸிபாக்ஸ், அவற்றின் மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டி உள்ளே ஏற்றும் கட்டளைக் கோப்பு, அதாவது ஸ்கிரிப்ட். அவ்வளவுதான்.

தலவாக்கலை டீச்சர் – ஞாயிறு, காலை 9.15

விளங்கிவிட்டது. அப்படியென்றால் கழிவுக் கணக்கைத் தொழிற்சங்கம் மூலமாகக் கேட்க வேண்டும், எத்தனை வீதம் என்று சீட்டிலேயே அச்சடிக்கச் சொல்லி. அதை நான் விடமாட்டேன். ரவுட்டர் கடிதத்தில் என் பெயரையும் போடுங்கள்.

நிரலன் தம்பிக்கு ஒன்று. இந்த உரிமங்களை வெளிநாட்டுக்காரர் விவகாரம் போல எழுதுகிறீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய நம் நாட்டுத் தன்னார்வலர்கள் இரவு பகலாக எழுதியது சஹானா. கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள். 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான விருது அதற்குத்தான். நாளைக்கு யாராவது அதை எடுத்துப் பூட்டி விற்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

பதுளை நிரலன் – ஞாயிறு, காலை 10.00

இருக்க மாட்டேன், டீச்சர். உரிமத்தை மதிக்க வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மிரட்டும் வழி வேண்டாம் என்கிறேன். ஜெர்மனியில் பேட்ரிக் மக்ஹார்டி என்ற கெர்னல் நிரலர், சின்னச் சின்ன மீறல்களைப் பிடித்துக் கம்பனிகளிடம் பணம் கேட்டுக்கொண்டே போனார். மூலநிரல் வெளியே வருவதைவிடப் பணம் கைமாறுவதே முக்கியமாகிவிட்டது என்று கெர்னலின் வலைப்பின்னல் பகுதியை எழுதும் அவருடைய நெட்ஃபில்டர் குழுவே 2016இல் அவரை நிறுத்தி வைத்தது. பிஸிபாக்ஸ்காரர்கள் போட்ட வெஸ்டிங்ஹவுஸ் தொலைக்காட்சிக் கம்பனி வழக்கில் 2010இல் 90,000 டொலர் தீர்ப்பாயிற்று. அந்தக் கம்பனி அதற்குள் கடனில் மூழ்கி வழக்கை விட்டே ஒதுங்கிவிட்டது. அந்தத் தொலைக்காட்சியை வாங்கியவனுக்கு அதனால் என்ன வந்தது?

பண்டாரவளை வாசுகி – ஞாயிறு, காலை 10.35

மக்ஹார்டி செய்தது தவறு, அதில் நமக்குள் தகராறே இல்லை. அதனால்தான் 2015இல் மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பகமும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சேர்ந்து கொள்கைகளை எழுதி வைத்தன: முதல் நோக்கம் உரிமத்தை நிறைவேற்றுவது, பணம் அதற்குப் பின்னால், வழக்கு கடைசி வழி. 2017இல் கெர்னல் நிரலர்களும் ஓர் அறிக்கை விட்டார்கள். முதல் தடவை மீறியவர் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் இருந்த சலுகையை இரண்டாம் பதிப்புக்கும் நீட்டினார்கள். இவ்வளவு பொறுமையாகக் கேட்பதை மிரட்டல் என்றால், எதைத்தான் கேட்பது?

வாங்கியவனுக்கு என்ன என்றீர்கள். அந்தக் கேள்விக்காகவே ஒரு வழக்கு இருக்கிறது. 2021 அக்டோபரில் அதே பாதுகாப்பகம் கலிபோர்னியாவில் விசியோ தொலைக்காட்சிக் கம்பனி மேல் வழக்குப் போட்டது. நிரல் எழுதியவராக அல்ல, கடையில் தொலைக்காட்சி வாங்கியவராக. ஜிபிஎல் ஓர் ஒப்பந்தம், அதன் பயன் வாங்கியவருக்கும் சேரும் என்பது வாதம். நட்டஈடு கேட்கவில்லை, மூலநிரலை மட்டும்தான் கேட்டார்கள். இங்கே அந்த வாதம் நிற்குமா என்று என் விரிவுரையாளர்களிடமே கேட்கப் போகிறேன். ஆனால் பெட்டியை வாங்கியவர் வாய் திறக்கலாம் என்பதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.

மஸ்கெலியாத் தம்பி – ஞாயிறு, பகல் 12.20

வணக்கம். அந்த ரவுட்டர் என்னுடையதுதான். வழக்கு வேண்டாம் சேர், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கு அம்மாவின் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் போனது. இன்னொன்று வாங்க வழியில்லை. கேட்டால் கிடைக்கும் என்றால் என் பெயரையும் போடுங்கள்.

பதுளை நிரலன் – ஞாயிறு, பகல் 1.05

தம்பி, உங்களுக்காகவாவது இதைச் செய்கிறேன். பட்டறை அண்ணா, கடிதத்தில் "மூலநிரல் தாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். சிப் கம்பனியின் பழைய கெர்னலை வெறுமனே சுருட்டி அனுப்புவார்கள், அதை வைத்து ஒன்றும் கட்ட முடியாது. உரிமத்தின் 3ஆம் பிரிவில் கட்டுவதற்கும் நிறுவுவதற்குமான ஸ்கிரிப்ட்களும் மூலநிரலில் சேரும் என்று தெளிவாக இருக்கிறது. அந்த வரியைக் கடிதத்தில் போடுங்கள். மாடல் இலக்கம், ஃபேர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு, பெட்டி எழும்பும்போது நீங்கள் பார்த்த எழுத்துகள் எல்லாம் இணைப்பாகப் போகட்டும். இறக்குமதியாளரின் பொதுப் பெட்டிக்கு அனுப்பாமல் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புங்கள். எங்கள் ஆபீசில் இப்படி ஒரு கடிதம் வந்தால் அது என் மேசைக்குத்தான் வரும், அதனால் சொல்கிறேன்.

பதில் வராவிட்டால் பதிப்புரிமைக்காரருக்கு அறிவிப்பது என்ற உங்கள் இரண்டாவது படிக்கு நான் இன்னும் எதிர்தான். அதில் என் பெயர் வராது.

அட்டன் பட்டறை – ஞாயிறு, பகல் 1.30

அதுவே பெரிய உதவி, தம்பி. இரண்டாவது படியை 30 நாள் கழித்துப் பேசுவோம், அன்றைக்கும் சண்டை பிடிக்கலாம்.

இந்த மாடல் வைத்திருப்பவர்கள் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தொடர் இலக்கத்தின் கடைசி நாலு எண்களை மறைத்துவிடுங்கள். வாசுகி தங்கச்சி கடிதத்தை ஒருமுறை பார்த்துத் தந்தால் புதன்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன். மஸ்கெலியாத் தம்பி, கடிதத்துக்குப் பதில் வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சிக்னல் போனால் மின்சாரத்தைத் தானே வெட்டித் திரும்பக் கொடுக்கிற ஒரு சின்ன ரிலே செய்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு டவுனுக்கு வரும்போது பெட்டியோடு அதையும் எடுத்துப் போங்கள், காசு வேண்டாம்.