மறு: ரீட்பேக் – தமிழில் என்ன?

அன்புடையீர், விமானப் பாதுகாப்புப் பாடத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்தையும் ஓடுபாதை எண்ணையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்கிறாரே, அந்த ரீட்பேக்குக்கு என்ன போடலாம்? ‘மறுமொழி’ வேண்டாம், ‘கேட்டுக்கொண்டேன்’ என்னும் வெறும் ‘ரோஜர்’கூட மறுமொழிதான். 1989இல் மலேசியாவின் சுபாங்கில் இறங்க வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2400 அடிக்கு இறங்கச் சொல்லி ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார்கள். முதல் ‘டூ’வை இரண்டு என்ற எண்ணாக எடுக்காமல், ‘இந்த உயரத்துக்கு’ என்பதில் வரும் ஆங்கில ‘to’வாக எடுத்து, 400 அடி என்றே விமானி திருப்பிச் சொன்னார், கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. குன்றில் மோதி நால்வரும் இறந்தனர். ஆகவே கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்ப்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

---

கூறியது கூறல்! தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் குற்றம் என்று தள்ளியது வானத்தில் உயிர் காக்கிறது பாருங்கள்.

---

ஐயா, குற்றத்தின் பெயரைக் கடமைக்கு வைத்தால் மாணவர் குழம்பமாட்டாரா? ‘ஒப்பித்தல்’ போதும். பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்க, வாத்தியார் கேட்டுத் திருத்துகிறார், அதே வேலைதான். ஒப்பு என்ற வேரிலேயே பொருந்துதல் இருக்கிறது. கேட்பவருக்கு ‘ஒப்புநோக்கல்’, அச்சகத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

---

ஒப்பித்தல் என்றால் உருப்போட்டதைக் கொட்டுவது. 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் கே.எல்.எம். என்ற டச்சு நிறுவன விமானத்தின் துணை விமானியும் அனுமதியை ஒப்பிக்கத்தான் செய்தார், கடைசியில் ‘இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்று ஒட்டிவிட்டார். கட்டுப்பாட்டுக் கோபுரம் ‘ஓகே’ என்றது தெளிவாகக் கேட்டது, காத்திருக்கச் சொன்னது அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானத்தின் குரலோடு மோதி இரைச்சலாகிவிட்டது. இரண்டு விமானங்களும் மோதி இறந்தவர்கள் 583 பேர்! ‘மீள்கூறல்’ என்று போடுங்கள், மீள்பார்வை, மீள்பதிவு என்று வரிசையே இருக்கிறது.

---

மீள்தல் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருதல். சொல் எங்கே போனது, திரும்பி வர? ‘மீளி’ என்ற சங்கச் சொல்லையும் சேர்த்துப் பார்த்தால்...

---

மற்றொன்று விரித்தலும் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் உண்டு ஐயா :) சரி, பெரும்பாலோர் ஒப்பித்தல் பக்கம். அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் ரீட்பேக் என்றும் சேர்த்துக் கொடுக்கிறேன். இதற்குமேல் நேரமில்லை.

---

ஒப்பித்தலுக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அது கிடக்கட்டும், டேக் ஆஃபுக்கு என்ன போட்டீர்கள்? டெனரீஃபுக்குப் பிறகு அந்தச் சொல்லை உண்மையான அனுமதியிலும் அதை ரத்துசெய்யும்போதும் மட்டும் சொல்வது, மற்ற இடமெல்லாம் டிபார்ச்சர் என்று வழக்கம் வந்தது. உங்கள் பட்டியலில் இரண்டுக்கும் ‘புறப்பாடு’ என்றல்லவா கிடக்கிறது!