பெரியப்பாவின் மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்?

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். 2017இல் வாங்கிய என் மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம், விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வருகிறது. கடைக்காரரிடம் காட்டினேன், இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்கிவிடுங்கள் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நாற்பதாயிரம் ரூபாய் செலவழித்துத்தான் ஆக வேண்டுமா?

நான்: வணக்கம் பெரியப்பா. ஏறாது என்பது உண்மைதான். விண்டோஸ் 11க்கு இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும்; உங்களுடையது ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். அதற்காகப் புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால், அதிலேயே நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

பெரியப்பா: ஓய்வூதியக் கணக்கு, மின்னஞ்சல், யூடியூபில் கச்சேரி. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் குடும்ப வரலாற்றைப் பாமினி எழுத்துருவில் 140 பக்கம் வரை தட்டச்சு செய்திருக்கிறேன். அது கெட்டுப்போகக் கூடாது.

நான்: அப்படியானால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போதும், அதிலும் பழைய கணினிக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விலை கிடையாது, 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பாமினியைப் பற்றி அஞ்ச வேண்டாம். நீங்கள் 'எம்' விசையை அழுத்தும்போது கோப்பில் பதிவாவது அந்த ஆங்கில எழுத்துதான். அதை 'அ' வடிவில் காட்டுவது எழுத்துரு. ஆகவே அந்த எழுத்துருக் கோப்பை மின்ட்டில் நிறுவிவிட்டால், லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் பழைய பக்கங்களும் தெரியும், பழகிய விரல்களும் தடுமாறாது. பக்க அமைப்பு மட்டும் சற்று நகரலாம். பின்னொரு நாள் முழுவதையும், தனி எழுத்துரு இல்லாமலே எல்லாக் கருவிகளிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுவோம். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படிக்க அதுதான் வசதி.

சித்தி: எங்கள் கடைக் கணினியையும் இதற்கே மாற்றிவிடலாமா? டாலியில் கணக்கு எழுதுகிறோம்.

நான்: வேண்டாம் சித்தி. டாலி விண்டோஸில் இயங்குவதற்காக எழுதப்பட்ட மென்பொருள். லினக்ஸில் அதை ஓட்டச் சுற்றுவழிகள் உண்டென்றாலும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளில் அது நின்றுபோனால் உங்களுக்குத்தான் சிரமம். உங்களுடையது பத்தாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 கட்டணமின்றியே ஏறும். ஏறாது என்று காட்டினால், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரியப்பா: ஏற்றிய பிறகு எனக்குப் பிடிக்காவிட்டால்?

நான்: ஏற்றுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம், வட்டில் உள்ள எதுவும் மாறாது. சற்று மெதுவாக இருக்கும், ஆனால் வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்பது தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் குடும்ப வரலாற்றை வெளிவட்டில் நகலெடுத்து வையுங்கள்.

பெரியப்பா: எடுத்துவிட்டேன், பாமினி எழுத்துருக் கோப்பும் அதிலேயே இருக்கிறது. நீ வந்ததும் முதல் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.