ரேம்களை ஏ2, பி2 ஸ்லாட்டுகளுக்கு மாற்றிய பின் கணினி துவங்கவில்லை

கேள்வி:
வணக்கம். என் மேசைக்கணினியின் மதர்போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டுகள் உள்ளன. ஜோடியாக வந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம்களை, பிராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் செருகியிருந்தேன். 16 ஜிபியும் தெரிந்தது, ஆனால் சிபியு-இசட் மென்பொருள் சிங்கிள் சேனல் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே ஒரே தரவுப் பாதை) என்றே காட்டியது. கையேட்டைப் பார்த்துவிட்டு, ஏ2, பி2 எனக் குறிக்கப்பட்ட இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளுக்கு மாற்றினேன். இப்போது மின்விசிறிகள் சுழல்கின்றன, திரையில் ஒன்றும் வருவதில்லை, போர்டின் ஓரத்தில், ரேமில் சிக்கல் என்பதைக் காட்டும் டிராம் என்ற சிறு விளக்கு அணையாமல் எரிகிறது. பயாஸ் அமைப்புகளை அழித்துப் பார்த்தும் பயனில்லை. பழைய இடத்தில் வைத்தால் துவங்குகிறது. அங்கேயே விட்டுவிடலாமா?

பதில் 1:
விட்டுவிட வேண்டாம், நீங்கள் மாற்றிய இடம் சரியானதே. முதல் இரண்டு ஸ்லாட்டுகளும் ஒரே சேனலைச் சேர்ந்தவை என்பதால், அங்கே எத்தனை ரேம் வைத்தாலும் தரவு 64 பிட் அகலமுள்ள ஒரே பாதையில்தான் போய்வரும். 3200 வேகத்தில் அதன் உச்சம் விநாடிக்கு 25.6 ஜிபி, இரு சேனல்களும் இயங்கினால் 51.2 ஜிபி. அப்படியானால் ஏ1, பி1 ஏன் கூடாது என்று கேட்கலாம். இத்தகைய போர்டுகள் பலவற்றில் மின்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முதலாவதில் மட்டும் ரேம் இருந்தால், ஆளில்லாத மீதித் தடத்தின் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து குழப்பும். வேகம் கூடக்கூட அந்தத் தொல்லையும் கூடும்.

பழைய இடத்தில் இரண்டு ரேமும் தெரிந்ததால், அவற்றிலோ ஏ2 ஸ்லாட்டிலோ குறை இருக்க வாய்ப்பில்லை. ஐயம் பி2 மீதும், அந்தச் சேனலுக்கான பிராசஸர் தொடர்புகள் மீதும் மட்டுமே. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பி2-இல் ஒரு ரேமை மட்டும் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
இரண்டு ரேம்களையும் தனித்தனியே வைத்துப் பார்த்தேன். ஏ2-இல் துவங்குகிறது, பி2-இல் துவங்கவில்லை.

பதில் 2:
பிராசஸர் சாக்கெட்டில் ஊசி வளைந்திருந்தாலும், கூலரை ஒருபக்கமாக இறுக்கியிருந்தாலும் ஒரு சேனல் மட்டும் இப்படிக் காணாமல் போவதுண்டு. ஆனால் கூலரைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் ஸ்லாட்டுகளில் பூட்டு ஒரு முனையில் மட்டும்தான் உள்ளதா? அப்படியென்றால் 'டக்' என்ற ஒலி பூட்டுள்ள முனை அமர்ந்ததை மட்டுமே சொல்லும். கிராபிக்ஸ் கார்டுப் பக்க முனையில் டார்ச் அடித்து, தங்கநிறத் தொடர்புகள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. பூட்டுள்ள முனையில் ரேம் முழுவதும் இறங்கியிருக்க, மறுமுனையில் நகத்தின் கனமளவு தங்கக்கோடு சரிவாகத் தெரிந்தது. போர்டு வளைந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் நான் அழுத்தவே இல்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன், கோடு மறைந்தது. இரண்டையும் ஏ2, பி2-இல் வைத்ததும் துவங்கிவிட்டது, டூயல் சேனல் என்றும் காட்டுகிறது. ஆனால் டிராம் அதிர்வெண் 1066 என்று இருக்கிறதே?

பதில் 2:
டிடிஆர் ரேம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இருமுறை தரவை அனுப்புவதால், 1066 என்பது 2133 வேகத்தைக் குறிக்கிறது. பயாஸ் அமைப்புகளை அழித்தபோது, ரேமை அதற்குக் குறிக்கப்பட்ட முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு அணைந்திருக்கும். அதை மீண்டும் இயக்கினால் 1600 காட்டும், மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 ஆக உயர்வது இயல்பே. பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச்சுற்றாவது ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.