ரேடியேட்டருக்கு எந்த ஃபேன்? சத்தம் குறைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி, சென்னை

வீட்டிலேயே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். குரல் பதிவும் இதே அறையில்தான். பதிவு நேரத்தில் ஏ.சி.யையும் சீலிங் ஃபேனையும் அணைத்துவிடுவேன். மிச்சம் கேட்பது கம்ப்யூட்டர் மட்டும். தண்ணீரால் குளிர்விக்கும் கம்ப்யூட்டர் இது: சூடான தண்ணீரை ஆறவைக்கும் 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு, தண்ணீரைச் சுற்றவிடும் டி5 பம்ப், ஆறு ஃபேன் என்று ஓடுகிறது. மைக்கில் அநேகமாக எதுவும் விழுவதில்லை. அது எப்படி என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃபேன் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எதிரே தடை எதுவும் இல்லாமல் சுற்றும் ஃபேனை அளந்த எண் அது. ரேடியேட்டரில் நெருக்கமான ஃபின்களுக்குள், அதாவது மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே, காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு வேண்டியது ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது தடை இருந்தாலும் விடாமல் தள்ளும் பலம். நான் நாக்டுவா என்எஃப்-ஏ12x25 எடுத்தேன். விலை அதிகம்தான். ஆனால் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெறும் 0.5 மி.மீ. இடைவெளி, தள்ளிய காற்று ஓரமாகத் திரும்பி வழிவது குறைவு. உச்ச வேகம் 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) என்றாலும் என் அறையில் அது 1,000 தாண்டுவதே அபூர்வம்.

சத்தத்தைத் தீர்மானிப்பது முதலில் வேகம்தான். வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும். அதே ஃபேன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். மூன்று ஃபேனை 1,600-இல் விரட்டுவதற்குப் பதில் ஆறு ஃபேனை 800-இல் விட்டால் மொத்தக் காற்று ஏறக்குறைய அதேதான், சத்தமோ 12 டெசிபல் குறைவு. அதனால் பட்ஜெட் இருந்தால் முதலில் ரேடியேட்டர் பரப்பைக் கூட்டுங்கள். அந்த ரேடியேட்டரில் ஃபின் அடர்த்தி குறைவாக இருந்தால் மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு இன்னும் நல்லது.

அப்புறம், நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: ஃபேன் வேகத்தை சிபியூ (பிராசசர்) சூட்டோடு கட்டிவைக்காதீர்கள். பிரவுசரைத் திறந்தாலே சிபியூ ஒரு நொடி 80 டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்கும். உடனே ஃபேன் எல்லாம் ஊளையிடும், அடுத்த நொடி அடங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் காதை அறுக்கிறது. அதனால் பயனும் இல்லை. 1 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி சூடாக ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 200 வாட் வெப்பம் முழுக்கத் தண்ணீருக்குள் போய், ரேடியேட்டர் எதையுமே வெளியேற்றாவிட்டால்கூட 1 டிகிரி ஏற 21 நொடி ஆகும். சிபியூ குதிப்பது தண்ணீருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே தண்ணீர் சுற்றும் பாதையான லூப்பில், சூட்டை அளக்கும் சென்சாரான தெர்மிஸ்டர் ஒன்றை மாட்டி, தண்ணீர் சூட்டை வைத்து ஃபேனை ஓட்டுங்கள். 10 கிலோ ஓம் வகை சென்சார் மலிவாகவே கிடைக்கும். மதர்போர்டில் அதற்கான இரண்டு முள் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். என் அமைப்பில் தண்ணீர் 40 டிகிரி வரை 700 ஆர்பிஎம், 46-இல் 1,000, 50 தாண்டினால் 1,400. வெளிநாட்டுக்காரர்கள் 30, 35 என்று வைத்திருப்பதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஏ.சி. இல்லாத அறையில் மே மாதக் காற்றே 35 டிகிரி. தண்ணீர் அதற்குக் கீழே போகாது, ஃபேன் மட்டும் நாள் முழுக்க அலறும். டி5 பம்ப் 60 டிகிரி வரை தாங்கும் என்பதால் 46, 48 பார்த்துப் பதற வேண்டாம்.

கோயம்புத்தூர்

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சத்தம் எவ்வளவு என்பதைவிட எந்த மாதிரி சத்தம் என்பது எனக்கு முக்கியம். காற்று வீசும் ‘உஸ்’ஸை அரை மணியில் காது மறந்துவிடும். ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிப்பதை மறக்கவே முடியாது. நான் வாங்கிய விலை குறைந்த மாடல் கையில் பிடித்தால் அமைதி; ரேடியேட்டரில் திருகியதும் 1,000 ஆர்பிஎம் பக்கம் ரீங்காரம் போட ஆரம்பித்தது. மாற்றுவதற்குப் பணம் இல்லை. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ஃபேன் கர்வை, அதாவது எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற வரைகோட்டைத் திருத்தி, 850-இலிருந்து நேராக 1,150-க்குத் தாவும்படி வைத்தேன். நடுவில் நிற்காமல் கடந்துவிடுவதால் இப்போது தொல்லை இல்லை. நீங்கள் மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு ஃபேன் வாங்கி, உங்கள் ரேடியேட்டரில் மாட்டி, 500 முதல் 1,500 வரை மெதுவாக ஏற்றிக் கேளுங்கள்.

தூசியையும் சொல்ல வேண்டும். என் வீடு பஸ் போகும் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஃபேன் தள்ளும் பக்கத்தில், ஃபின்மீது சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் படிந்துவிடும். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணுக்கே தெரியும். அதனால் ஃபேனை மறுபக்கம் மாற்றி, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும்படி வைத்துவிட்டேன். ஃபின் வெளிப்பக்கம் திறந்தே இருப்பதால் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். வெப்பத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

மதுரை

நான் போட்டிருப்பது ஃபேன்டெக்ஸ் டி30. இழுக்கும் பலம் அபாரம். 1,200, 2,000, 3,000 என்று மூன்று உச்ச வேகங்களுக்கு ஃபேனிலேயே சுவிட்ச் உண்டு. திருகுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள், அமைதி வேண்டுமென்றால் 1,200 போதும். இது 30 மி.மீ. தடிமன். ரேடியேட்டரோடு வழக்கமாக வரும் 30 மி.மீ. திருகு 25 மி.மீ. ஃபேனுக்கு உரியது, இதற்கு எட்டாது, 35 மி.மீ. திருகு வேண்டும். அந்த 35-ஐ மறந்துபோய் 25 மி.மீ. ஃபேனில் போட்டு முறுக்கினால், சில ரேடியேட்டர்களில் திருகுத் துளைக்கு நேர் கீழேயே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, துளைத்துவிடும். கடைசிச் சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். இறுக்கமாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு நீளத்தை அளந்து பாருங்கள்.